பின்வரிசை நாதம்

ஆடி மாதத்து இரவுகளில் கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் செல்லும் சாலையில், ஏதாவதொரு ஊரில் மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருக்கும். கூத்து ஓரிரவு, இன்னிசைக் கச்சேரி ஓரிரவு என்பது என் சிறுவயதில் எழுதப்படாத விதி. கச்சேரிக்கு வரும் குழுவில் பாடகர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். கீபோர்டுக்காரர் பக்கவாட்டில் இருப்பார். தபேலாவும் டிரம்ஸும் அவற்றுக்குரிய இடத்தில் அமைந்திருக்கும். எல்லாருக்கும் பின்னால், டிரம்ஸுக்கு அருகில், பெரும்பாலும் ட்யூப் லைட் வெளிச்சம் எட்டாத இடத்தில் ஒருவர் நான்கு தந்திகள் கொண்ட நீண்ட கழுத்துக் கிதாரைத் தாங்கி நின்றிருப்பார். அவரை எவரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, அவர் வாசிப்பது நின்றுபோன அந்த ஓர் இரவு வரை.

பாடலின் நடுவில் அவருடைய கேபிள் கழன்றுவிட்டது. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், தாளமும் தவறவில்லை. ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது. பந்தலின் நடுக்காலை எவரோ சத்தமின்றி உருவியது போன்ற ஓர் உணர்வு. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தனர். எதைத் தேடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவர் குனிந்து கேபிளைச் செருகியதும் பாடல் மீண்டும் தரையில் ஊன்றி நின்றது. பேஸ் கிதார் என்பதன் இலக்கணத்தை நான் கற்றது அப்படித்தான்: இருக்கும்போது கேட்காதது, இல்லாதபோது கேட்பது.

இந்தக் கட்டுரை அந்தப் பின்வரிசைக் கருவியையும், அதன் காலடியில் ஒருகாலத்தில் வந்து அமர்ந்த ஒரு மலிவான பெட்டியையும் பற்றியது. ‘மாடுலேஷன் பெடல்’ என்று சொல்லப்படும் அந்தப் பெட்டி ஒலியை நீரலை போல அசைய வைப்பது. அதன் வரலாறு அமெரிக்கா, ஜப்பான், ஹாலந்து என்று சுற்றினாலும் நம் ஊர்த் திண்ணைகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

* * *

இசையில் அசைவு என்பது மின்சாரத்தோடு வந்ததல்ல. நாகஸ்வரக்காரர்கள் இருவர் சேர்ந்து வாசிக்கும்போது எழும் நாதத்தை நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் இரு மூச்சுகள் ஒருபோதும் ஒன்றாவதில்லை. ஒருவருடைய ஸ்வரம் மற்றவருடையதைவிட மயிரிழை மேலேயோ கீழேயோ, மயிரிழை முன்னோ பின்னோ நிற்கிறது. அந்த மயிரிழைதான் ஒலிக்கு அகலத்தையும் ஒளியையும் தருகிறது. தம்புராவின் பாலத்தில், தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்து ஜீவாளி பிடிப்பதும் ஒலியை அசையாமல் நிற்கவிடாதிருக்கும் உபாயமே. முழுமையான ஒற்றுமை செவிக்கு உவப்பதில்லை. சிறு முரண்பாட்டில்தான் நாதம் உயிர்கொள்கிறது. இதை நம்மவர்கள் எந்தச் சூத்திரமும் இல்லாமல் அறிந்திருந்தனர்.

மேற்கில் இதை இயந்திரத்தால் செய்ய முயன்றவர்களில் முதன்மையானவர் டொனால்ட் லெஸ்லி. ஹாமண்ட் நிறுவனத்தின் மின் ஆர்கன் 1935இல் வெளிவந்தபோது அதன் ஒலி அவருக்கு உயிரற்றதாகப் பட்டது. தேவாலயக் குழலார்கனில் ஒலி பல திசைகளிலிருந்து வருகிறது, மின் ஆர்கனிலோ ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஆகவே அவர் ஒலிபெருக்கியின் முன் சுழலும் கூம்பையும் உருளையையும் பொருத்தினார். கூம்பு கேட்பவரை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். ரயிலின் ஊதல் நம்மைக் கடக்கும்போது மாறுவது எப்படியோ அப்படி. 1941இல் சந்தைக்கு வந்த அந்தப் பெட்டியை லாரன்ஸ் ஹாமண்ட் விரும்பவில்லை. இசைக்கலைஞர்கள் விரும்பினார்கள். ஆனால் அது அலமாரி அளவு பெரியது, கனமானது, விலை மிகுந்தது. அதைச் சுருக்கி, தூக்கிச் செல்லக்கூடியதாக ஆக்கும் முயற்சிகளில்தான் இந்தப் பெட்டிகளின் வரலாறு தொடங்குகிறது.

* * *

இங்கே ஒரு ஜப்பானியரைச் சந்திக்க வேண்டும். ஃபுமியோ மியெதா ஒரு பொறியாளர். 1960களில் மாஸ்கோ வானொலியின் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒலி அலையலையாக மங்குவதையும் திரும்புவதையும் அவர் கவனித்தார். அந்த அசைவை ஒரு பெட்டிக்குள் கொண்டுவர முடியுமா என்ற எண்ணத்திலிருந்து அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிறந்ததுதான் ஷின்-எய் நிறுவனத்தின் ‘யூனி-வைப்’. ஒரு சிறு மின்விளக்கு துடிக்கும். அதைச் சுற்றி ஒளியை உணரும் நான்கு கண்கள். விளக்கின் துடிப்புக்கேற்ப ஒலி அலையின் கட்டம் நகரும். வியாபாரிகள் அதைச் சுழல் ஒலிபெருக்கியின் மாற்று என்று விற்றனர். அந்த ஒலியை அது சரியாகப் போலி செய்யவில்லை. போலி செய்யத் தவறிய இடத்தில் புதியதொரு ஒலி பிறந்திருந்தது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

மியெதாவின் கதையைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு டிரான்ஸிஸ்டர் நினைவுக்கு வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழகத்தில் இன்னும் இருக்கிறது. இரவில் அலைவரிசை தெளிவாக வரும், திடீரென்று பாடல் தண்ணீருக்குள் மூழ்குவது போல மங்கும், ஒருவிதச் சுழற்சியுடன் திரும்பி வரும். வானொலி அலை ஒரே வழியில் வருவதில்லை. ஒரு கிளை ஒரு பாதையில் வருகிறது, இன்னொரு கிளை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதித்து வருகிறது. இரண்டும் சந்திக்குமிடத்தில் சில சமயம் ஒன்றையொன்று வலுவூட்டுகின்றன, சில சமயம் ஒன்றையொன்று அழிக்கின்றன. நாங்கள் அதைக் கோளாறு என்று எண்ணி வானொலியின் தலையில் தட்டினோம், ஏரியலைத் திருப்பினோம். அதே கோளாற்றை ஒருவர் இசையாகக் கேட்டிருக்கிறார். கண்டுபிடிப்பு என்பது பல சமயங்களில் இந்த வேறுபாடு மட்டும்தானோ?

அதே 1969இல் ஹாலந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டரும் டீரும் ஒரு சிறு மின்னணுச் சாதனத்தை உருவாக்கினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வாளி வரிசை’ என்று பொருள்படும். எங்கள் பக்கத்தில் கூரை வீடுகள் தீப்பிடிக்கும்போது கிணற்றடியிலிருந்து எரியும் வீடு வரை ஊரே வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றும். அதேபோல, ஒலியின் ஒவ்வொரு துளியும் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, சற்றுத் தாமதமாக மறுமுனையை அடைகிறது. வரிசை எவ்வளவு வேகமாகக் கைமாற்றுகிறதோ அவ்வளவு குறைவான தாமதம். பின்னர் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் செய்த எம்.என்.3007 என்னும் சில்லில் 1024 வாளிகள் இருந்தன. நொடிக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் கடிகாரத்தில் அது ஒலியை ஏறத்தாழ 5 மில்லிநொடி தாமதப்படுத்தும், பத்தாயிரம் துடிப்பில் 51 மில்லிநொடி. அந்தத் தாமதத்தை மெல்ல ஏற்றியிறக்கி, மூல ஒலியோடு கலந்தால் ஒரே கிதார் இரண்டு கிதார்களாகக் கேட்கும். நாகஸ்வரக்காரர் இருவரின் மயிரிழை வேறுபாடு ஒரு சில்லுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பெயர் ‘கோரஸ்’. தாமதம் இன்னும் குறைந்து, ஒலி தன்னையே மீண்டும் விழுங்கினால் அது ‘ஃப்ளாஞ்சர்’. தாமதத்திற்குப் பதில் கட்டத்தை மட்டும் நகர்த்தினால் ‘ஃபேஸர்’. மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இகுதாரோ ககேஹாஷி 1972இல் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் இந்த அசைவை 1975இல் ஒரு கிதார் ஒலிபெருக்கிக்குள் வைத்தது. 1976இல் அதைத் தனியே பிரித்து, பாஸ் என்ற பெயரில் சி.இ.-1 என்னும் கோரஸ் பெடலாக்கியது. 1979இல் வந்த சி.இ.-2 உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடியது. சுழலும் அலமாரி, நாற்பது ஆண்டுகளுக்குள் சட்டைப்பையை எட்டிவிட்டது.

* * *

அந்த 1976ஆம் ஆண்டு எங்கள் வட்டாரத்துக்கு வேறொரு காரணத்தால் முக்கியமானது. கல்வராயன் மலையில் தலைமுறைகளாக நடந்துவந்த ஜாகீர்தார்களின் ஆட்சி முறை அவ்வாண்டில்தான் முடிவுக்கு வந்தது. சமவெளியில் சுதந்திரத்திற்கு 29 வயதாகியிருந்தபோது மலையாளிப் பழங்குடியினர் அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தனர். அதே ஆண்டில்தான் தமிழகமெங்கும் ‘அன்னக்கிளி’ வெளியாகி, இளையராஜா என்ற பெயரைக் கொண்டுவந்தது. ஓசாகாவின் பெட்டிக்கும் வெள்ளிமலையின் விடுதலைக்கும் பண்ணைப்புரத்துக்காரரின் வருகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் வரலாறு இப்படி ஒன்றையொன்று அறியாத நிகழ்வுகளைத்தான் ஒரே ஆண்டில் அடுக்கி வைக்கிறது. அவற்றின் விளைவுகள் பல ஆண்டுகள் கழித்து ஒரு திருவிழா மேடையில் சந்தித்துக்கொள்கின்றன.

லியோ ஃபெண்டர் 1951இல் ப்ரிஸிஷன் பேஸை வெளியிடும் வரை கீழ்ஸ்தாயியைத் தாங்கியது ஆளுயர டபுள் பேஸ்தான். சென்னை ஸ்டுடியோக்களிலும் நெடுங்காலம் அதுவே இருந்தது. பேஸ் கிதார் வந்த பிறகும் அது பெரும்பாலும் தாளத்தின் நிழலாகவே நடந்தது. அதற்குத் தனியே பேச்சுரிமை தந்தவர் இளையராஜா என்று சொன்னால் மிகையாகாது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், தாமே கிதார் வாசிப்பவர். பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டை, எதிர்மெட்டை, பேஸுக்கு எழுதினார். 1980இல் வந்த ‘மூடுபனி’, ‘நிழல்கள்’ படங்களின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில், பாடகரை மறந்துவிட்டு, கீழ்த் தந்திகளை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அடியில் ஓர் ஆறு தனியே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அவருடைய பாடல்கள் பலவற்றில் அந்த ஆற்றை ஓடவிட்ட கை சசிதரனுடையது. பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் அந்த இடத்தைக் கீத் பீட்டர்ஸ் நிரப்பினார். இருவரின் பெயரும் பாடல் கேட்கும் கோடிப் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பின்வரிசையின் விதி ஸ்டுடியோவிலும் மாறவில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. பேஸ் கிதாரின் கடைசித் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடை வானொலிக்கோ, டூரிங் டாக்கீஸின் கூம்பு ஒலிபெருக்கிக்கோ அந்த அதிர்வை எழுப்பும் திராணி கிடையாது. பிறகு நாம் எதைக் கேட்டோம்? ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை ஸ்வரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் எழுகின்றன. மேல் அதிர்வுகள் மட்டும் காதுக்கு வந்தாலும் மனம் இல்லாத அடித்தளத்தைத் தானே கணித்துக் கட்டிக்கொள்கிறது. நாம் கேட்ட பேஸில் பாதி ஒலிபெருக்கியில் இல்லை, நம் தலைக்குள்தான் இருந்தது. இல்லாததைக் கேட்கும் இந்தத் திறன் பின்னால் வரும் கதைக்குத் தேவைப்படும்.

* * *

இனி அந்த மலிவுப் பெட்டி.

1991க்கு முன்னர் வெளிநாட்டு இசைக்கருவி என்பது சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரின் பெட்டியிலோ பர்மா பஜாரின் இடுக்கிலோ கிடைக்கும் பொருள். மவுண்ட் ரோட்டில் 1842இலிருந்து இயங்கிவரும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய கலைஞர்கள் பலர். மாவட்டத்து மெல்லிசைக் குழுவில் ஓர் இரவுக்குச் சில நூறு ரூபாய் வாங்குபவருக்கு ஜப்பானியப் பெடல் என்பது கனவு. தாராளமயமும் சீனத் தொழிற்சாலைகளும் சேர்ந்து 2000களில் அந்தக் கனவின் விலையைக் குறைத்தன. ஜெர்மானியரான உலி பெஹ்ரிங்கர் தொடங்கிய நிறுவனம் புகழ்பெற்ற பெடல்களின் வடிவில் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவந்தது. தங்கள் தோற்றத்தைப் பிரதி செய்ததாக ரோலண்ட் நிறுவனம் 2005இல் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது, பெட்டிகளின் தோற்றம் மாறியது, விலை மாறவில்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர், சின்னசேலம் பக்கத்தில் குழுக்களுக்கு பேஸ் வாசித்துவந்தார். பகலில் அரிசி மண்டியில் கணக்கெழுதுவார். அவர் சென்னைக்குச் சென்று இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு கோரஸ் பெடல் வாங்கிவந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. சாதாரணக் கிதாருக்கென்று செய்யப்பட்டது, பேஸுக்கு அல்ல. அதைக் கடைக்காரர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முதல் நாள் அவருடைய வீட்டுத் திண்ணையில் மேல் தந்தியில் அவர் ஓர் இழை வாசித்தபோது, கோமுகி அணையில் மாலை வெயில் படுவது போல ஒலி மினுங்கியது. அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் எல்லாரையும் தாங்கி நின்றவருக்குத் தனக்கென்று ஓர் ஒளி கிடைத்திருந்தது.

ஒரு வாரம் கழித்துத் திருவிழா மேடையில் அதே பெட்டி அவரை ஏமாற்றியது. கச்சேரி முடிந்ததும் பாடகர் கடிந்துகொண்டார், டிரம்ஸ்காரர் பேசவில்லை. அவர் என்னிடம் வந்து, “தம்பி, இதைப் போட்டா பாட்டு மினுக்குது. ஆனா காலு தரையில நிக்க மாட்டேங்குது” என்றார்.

“பெட்டி கோளாறாண்ணே?”

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. நமக்கு ஆவலை.”

அவர் சொன்னது துல்லியமான இயற்பியல் என்று எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே புரிந்தது. மூல ஒலியையும் 5 மில்லிநொடி தாமதித்த ஒலியையும் சம அளவில் கலந்தால், நொடிக்கு 100 முறை அதிரும் ஸ்வரத்தில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு சந்தித்து இரண்டும் அழியும். பேஸ் கிதாரின் முதல் தந்தி அதிர்வது 98 முறை. தாமதம் 12 மில்லிநொடியை நெருங்கும்போது 41 அதிர்வுள்ள கடைசித் தந்தியின் அடித்தளம் அழியும். கோரஸ் பெட்டியின் தாமதம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனவே பாடல் போகும் போக்கில் ஒவ்வொரு தந்தியின் அடித்தளமும் மாறி மாறிக் கரைந்து திரும்புகிறது. இலங்கை வானொலி மங்கியது போலவே.

கொடுமை அதோடு நிற்கவில்லை. அடிப்படை அதிர்வு அழியும் அதே கணத்தில் அதன் மும்மடங்கும் ஐந்து மடங்கும் ஏறக்குறைய அழிகின்றன. இருமடங்கும் நான்மடங்கும் பிழைக்கின்றன. செவி, இல்லாத அடித்தளத்தைக் கட்டிக்கொள்ளும் என்று முன்னர் சொன்னேன். இங்கே அதற்குக் கிடைக்கும் தடயங்களே தவறானவை. எஞ்சியவற்றை வைத்து அது ஒரு ஸ்தாயி மேலான ஸ்வரத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே ஸ்வரம் ஒரு கணம் தரையைவிட்டு எழும்பி மீண்டும் இறங்குவது போலத் தோன்றுகிறது. ‘காலு தரையில நிக்க மாட்டேங்குது’ என்பதைவிட நன்றாக இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சாதாரணக் கிதாருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அது அழகு செய்யும் இடத்தில் இருக்கிறது, தாங்கும் இடத்தில் இல்லை. நிறுவனங்களும் இதை அறிந்தே இருந்தன. பேஸுக்கென்று தனியாக வந்த கோரஸ் பெடல்களில் கீழ்ஸ்தாயியை அசைவிலிருந்து காப்பாற்றும் வடிகட்டி வைக்கப்பட்டது. பாஸின் சி.இ.பி.-3 பெடலில் அதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. வேர் அசையக்கூடாது, கிளை அசையலாம் என்பதே அதன் தத்துவம்.

* * *

இல்லாமையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட பேஸ் கலைஞர்களும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1976இல் உருவாகி, 1980 வரை இயங்கிய ‘ஜாய் டிவிஷன்’ குழுவின் பீட்டர் ஹுக் அவர்களில் ஒருவர். தோழரின் கிதார் இரைச்சலில், கீழ்த் தந்திகளில் வாசித்தால் தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை என்பதால் அவர் மேல் தந்திகளுக்கு ஏறினார். அங்கே ஒரு கோரஸ் பெடலையும் சேர்த்துக்கொண்டார். பேஸ் அக்குழுவில் பின்வரிசையைவிட்டு முன்னால் வந்து பாடத் தொடங்கியது. ‘த க்யூர்’ குழுவின் சைமன் கேலப் ஃப்ளாஞ்சரைக் கொண்டு இருண்ட, குளிர்ந்த ஓர் ஒலியை உண்டாக்கினார். இருவருமே பெட்டியின் குறையைச் சரிசெய்யவில்லை. அந்தக் குறை தொந்தரவு செய்யாத உயரத்துக்குத் தங்கள் வாசிப்பை நகர்த்திக்கொண்டனர்.

நம் சின்னசேலம்காரர் பீட்டர் ஹுக்கைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சில மாதங்களில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பல்லவியிலும் சரணத்திலும் பெட்டியை அணைத்துவைப்பார். இடையிசையில், பாடகர் ஓய்ந்து நிற்கும் எட்டு மாத்திரையில், கையை மேலே நகர்த்தி, காலால் பெட்டியை மிதிப்பார். ஒரு சிறு இழை மினுங்கும். பாடகர் மூச்செடுத்துத் திரும்புவதற்குள் அவர் மீண்டும் இருட்டுக்கும் கீழ்ஸ்தாயிக்கும் இறங்கியிருப்பார். ஓர் இரவில் மொத்தம் இரண்டு நிமிடங்கள் இருக்கலாம். அந்த இரண்டு நிமிடங்களுக்காகத்தான் இரண்டாயிரம் ரூபாய்.

* * *

ஆனால் அவருடைய உண்மையான போட்டி வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில், அசைவுப் பெட்டியைத் தந்த அதே ரோலண்ட் நிறுவனம் டி.பி.-303 என்ற சிறு இயந்திரத்தை வெளியிட்டது. தனியாகப் பயிலும் கிதார் கலைஞருக்கு பேஸ் வாசிப்பவர் இல்லாத குறையைத் தீர்ப்பதே அதன் நோக்கம். அது பேஸ் கிதார் போல ஒலிக்கவே இல்லை, 1984இல் உற்பத்தி நின்றுபோனது. இங்கும் போலி செய்யத் தவறியதில் புதிது பிறந்தது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிதாரும் பேஸும் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அந்த இயந்திரத்தை வாங்கி, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க, ஐரோப்பிய நடன இசையில் தோன்றிய ஒலியை அது முன்கூட்டியே எட்டியிருந்ததாக உலகம் வியந்தது. பேஸ் கலைஞரின் இடத்தைப் பிடிக்கப் பிறந்த இயந்திரத்தை ஒரு பேஸ் கலைஞரே இசையாக்கினார் என்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

ஆனால் எல்லாருக்கும் அந்த ஆறுதல் கிட்டவில்லை. கீபோர்டின் இடதுகை பேஸையும் கவனித்துக்கொள்ளும் என்றானபோது மாவட்டக் குழுக்கள் முதலில் விடுவித்தது பின்வரிசைக்காரரைத்தான். வேனில் ஓர் இருக்கையும் ஒருவர் சம்பளமும் மிச்சம். அடுத்து வந்தது பாடகர் குரலை மட்டும் நீக்கிய பதிவு இசை. அதன்பின் குழுவே தேவையற்றதாயிற்று. ஒரு மடிக்கணினி, இரண்டு மைக், ஒளிரும் திரை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. திருவிழாக்கள் குறையவில்லை, ஒலிபெருக்கிகளின் உயரமும் குறையவில்லை. அந்த ராட்சதப் பெட்டிகளில் 41 அதிர்வு இப்போது நெஞ்சில் அறைகிறது. அதை வாசிக்கும் விரல்கள் மட்டும் மேடையில் இல்லை.

* * *

மலிவுப் பிரதிகளைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது இருவிதக் கருத்துகளைக் கேட்கிறேன். ஒருவன் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டதை இன்னொருவன் பாதி விலைக்குச் செய்து விற்பது திருட்டு என்பது ஒன்று. அறிவு எவருக்கும் சொத்தல்ல என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு முழு உடன்பாடில்லை. எங்கள் மாவட்டத்தின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. மரபுச் சிற்பி முன்னோர் வகுத்த தாளமானத்தில்தான் விநாயகரைச் செதுக்குகிறார். அளவு எல்லாருக்கும் பொது, செதுக்கும் கை அவரவருடையது. ஆனால் தன் உருவத்தை இன்னொரு பட்டறையின் பெயரும் அடையாளமும் இட்டு விற்பதை எந்தச் சிற்பியும் ஏற்கமாட்டார். ரோலண்டின் வழக்கு உண்மையில் அந்த எல்லையைப் பற்றியது. வாளி வரிசையை எவரும் பயன்படுத்தலாம், முகத்தைத் திருடக்கூடாது.

அதே சமயம், சுழல் ஒலிபெருக்கியைப் போலி செய்யப் போனதிலிருந்துதான் இந்த மரபு முழுவதும் கிளைத்தது என்பதையும் மறக்கலாகாது. ஒவ்வொரு பிரதியும் ஒரு படி மலிந்தது, ஒவ்வொரு படியிலும் அதுவரை வெளியே நின்றிருந்த ஒருவர் உள்ளே வந்தார். அரிசி மண்டியில் கணக்கெழுதியவர் வந்தது கடைசிப் படியில். அவர் வந்து சேர்ந்தபோது மேடையே கலைந்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் சோகம். மலிவு ஒருவருக்குக் கருவியைத் தருகிறது. அந்தக் கருவியை வாசிக்கும் இடத்தையும் அதே மலிவுதான் பறித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்தே கணக்கில் எழுதவேண்டியிருக்கிறது.

அண்மையில் அவரைப் பார்க்கச் சென்றேன். பேஸ் கிதார் உறையிட்டு அலமாரியின் மேல் இருந்தது. பெடலை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் மூடி உடைந்து, ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே பேட்டரி கசிந்து வெண்மை படிந்திருந்தது. “பையன் காலேஜ்ல கிதார் வாசிக்கிறான். அவனுக்கு இது வேண்டாமாம், போன்லேயே எல்லாம் வருதாம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. புதிய பேட்டரி ஒன்றை வாங்கிவரச் சொல்லித் துடைத்துப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் மேல் தந்தியில் அந்தப் பழைய இடையிசையை வாசித்தார். எட்டு மாத்திரை முடிந்ததும், பழக்கத்தில், காலால் பெட்டியை அணைத்துவிட்டுக் கீழ்ஸ்தாயிக்கு இறங்கினார். பாடுவதற்கு அங்கே பாடகர் யாரும் இல்லை. ஆயினும் அவர் சரணம் முழுவதையும், வராத ஒரு குரலுக்குத் தாங்கலாக, சற்றும் பிசகாமல் வாசித்து முடித்தார். நான் அந்தக் குரலைக் கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.